சாமியானாக் கடை வெள்ளிவிழாவும் யாரென்றே தெரியாத மணப்பெண்ணும்

கச்சிராயபாளையம்,
வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

ஓசூரில் கம்பெனி உத்தியோகம் பார்க்கும் அன்பு மைத்துனர் இளஞ்செழியனுக்கு, உன் அக்காவைக் கட்டிய மாமா ஆதிமூலம் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், உன் அக்கா ஆண்டாள் என்னைவிட நலம், கோமுகி அணையில் தண்ணீர்தான் கொஞ்சம் கம்மி, மற்றபடி ஊரும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காவைத் தவிர வேறு எந்தப் பெண்ணையும் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளும் யோசனையும் இல்லை. உனக்கு வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளை நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் தலை நிறையப் பூவும் நெற்றிச்சுட்டியுமாக இருக்கிறதே ஒரு பெண், அது யார் என்று எனக்கும் தெரியாது, உன் அக்காவுக்கும் தெரியாது, பேனர் அடித்துக் கொடுத்த கடைக்காரருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்து என்னைப் பேசிய பேச்சுக்கு நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் மணி அடிக்கவில்லை. என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதாக எதிர்க்கடை செல்போன் ரிப்பேர்க்காரர் சொல்கிறார். சரி, உன் அக்காவையே பேசச் சொல்லலாம் என்றால் அவள், நாலு நாளைக்கு அப்படியே கிடக்கட்டும் என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குத் தபாலை விட்டால் வேறு வழியில்லை.

இத்தனையையும் ஆரம்பித்து வைத்தவன் நீதான் மச்சான். பொங்கலுக்கு வந்திருந்தபோது கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உங்கள் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குப் பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டுவதையும், ஐந்து வருஷம் ஆனால் கேடயம் கொடுப்பதையும், கம்பெனி தொடங்கிய நாளுக்கு எல்லாரையும் குடும்பத்தோடு கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதையும் கதை கதையாகச் சொன்னாய். அப்படிச் செய்தால் ஆட்கள் வேறு இடத்துக்குப் போக நினைத்தாலும் அவர்களுக்குக் கால் வராது என்றாய். நம் கடைக்கு எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டாய், இந்த வைகாசியோடு இருபத்தைந்து என்றேன். விழா எடுங்கள் மாமா என்றாய். விழா எடுக்கிறவர்களுக்குச் சாமியானாவும் நாற்காலியும் அண்டாவும் வாடகைக்கு விடுவது நம் பிழைப்பு, நாமே விழா எடுத்தால் நமக்கு யார் வாடகை கொடுப்பார்கள் என்று கேட்டு நானே சிரித்துக்கொண்டேன். உன் அக்கா சிரிக்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

நீ ஊருக்குப் போன பிறகு கள்ளக்குறிச்சி ரோட்டில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் திறந்தார்கள். ஏசி, மெத்தை வைத்த நாற்காலி, சமையல்கட்டு நிறையப் பாத்திரம் என்று எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. திறப்பு விழாவுக்குக் கூட்டம் ஜாஸ்தி என்று கூடுதல் நாற்காலி மட்டும் நம் கடையில் எடுத்தார்கள். கொண்டுபோனவன் ராசு. ராசுவை உனக்குத் தெரியும். கடை திறந்த அன்று என்னிடம் இருந்தது ஒரு சாமியானாவும் அவனும்தான். அவன் கட்டிய பந்தல் காற்றில் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு மண்டபத்து முதலாளி, கொத்தனார் முதல் வாட்ச்மேன் வரைக்கும் ஒவ்வொருவரையும் மேடைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, முதல் பந்தியில் உட்கார வைத்தாராம். நம் ராசு நாற்காலிகளை இறக்கி அடுக்கிவிட்டுச் சுவரோரமாக நின்று அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் கடையில் பாத்திரம் தேய்க்கிற குஞ்சம்மாளிடம் சொல்லியிருக்கிறான். குஞ்சம்மாள் உன் அக்காவிடம் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: மண்டபத்தில் ராசுவை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் போய்விடுவதாக இருக்கிறான்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே மண்டபம் வந்ததிலிருந்து வாடகை கேட்டு வருகிறவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். இதில் ராசுவும் போனால் கொட்டகையைப் பூட்டிச் சாவியை அணையில் எறிய வேண்டியதுதான். கூலியைக் கூட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். உன் அக்கா சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவரு கூலியப் பத்தி ஒரு வார்த்த பேசலயாம். அந்த வாட்ச்மேன மேடையில பேர் சொல்லிக் கூப்புட்டாங்களே, அதத்தான் சொல்லிகினே இருந்தாராம்" என்றாள்.

விழா என்று முடிவாகிவிட்டது. கடைக்கு முன்னால் பந்தல் போட்டு, ராசுவுக்கும் குஞ்சம்மாளுக்கும் பொன்னாடை போர்த்தி, தலைவாழை இலையில் விருந்து வைப்பது என்றும், அன்றைக்கு வரைக்கும் அவர்கள் இருவரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றும் உன் அக்கா உத்தரவு போட்டாள். பிறகு தினசரிக் காலண்டரைப் புரட்டி, வைகாசியில் எல்லாப் பொருத்தமும் கூடிய நாளாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். வளர்பிறை, நல்ல நட்சத்திரம், லீவு நாள். நானும் தலையை ஆட்டினேன். அப்படிப்பட்ட நாள் நம் தொழிலில் எப்படிப்பட்ட நாள் என்பது இருபத்தைந்து வருஷமாகக் கடை நடத்துகிற எனக்கும் உறைக்கவில்லை, கூடவே இருந்து நடத்துகிற அவளுக்கும் உறைக்கவில்லை. வெள்ளிமலையிலிருந்து ஒருவர் மகள் கல்யாணம் என்று போன் செய்தார், கொடுத்தேன். ரிஷிவந்தியத்தில் காதுகுத்து என்றார்கள், மைக்செட்டோடு கொடுத்தேன். உள்ளூரிலேயே கிரகப்பிரவேசம் என்றார்கள், மிச்சத்தைக் கொடுத்தேன். மண்டபம் வந்த பிறகு இவ்வளவு பேர் கேட்டு வருகிறார்களே என்ற சந்தோஷத்தில் எந்தத் தேதி என்றுகூட எனக்கு மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் உன் அக்கா கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பொன்னாடையும் காய்கறியும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ராசு எங்கே என்றாள். வெள்ளிமலைக்குச் சாமியானா கட்ட லாரியில் போயிருக்கிறான், நாளைக்குச் சாயங்காலம்தான் வருவான் என்றேன். நமக்குச் சாமியானா எங்கே என்றாள். நான் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கால் உடைந்த நாற்காலிகளும், ஓட்டை விழுந்த ஒரு தேக்சாவும், அதற்குள் படுத்திருந்த பூனையும்தான் இருந்தன. உன் அக்கா பையைக் கீழே வைத்தாள். ஒரு முருங்கைக்காய் உருண்டு ரோட்டுக்குப் போனது. அதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. யாருக்கு விருந்து வைக்கிறோமோ அவனையே வேறு வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போட அனுப்பியிருக்கிறீர்களே என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் போய் நின்ற இடம் கள்ளக்குறிச்சி அரங்கநாதன் வாசல். அவரைப் பற்றி நான் உன்னிடம் எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அதே தொழில். அவருடைய சாமியானா ஓட்டை என்று நானும், என் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒடியும் என்று அவரும் ஊர் ஊராகச் சொல்லித்தான் இத்தனை வருஷம் தொழில் நடத்தியிருக்கிறோம். முகூர்த்த நாளில் அவரிடமும் ஒன்றும் இருக்காது, திருப்பி அனுப்பப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். போனால், கொட்டகை நிறைய நாற்காலி. சாமியானாவெல்லாம் மடித்தது மடித்தபடி கிடக்கிறது. இவ்வளவு பெரிய முகூர்த்தத்தில் அந்த மனிதர் லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் இருந்த ஆட்கள் மூன்று பேரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்களாம். கட்டுவதற்கு ஆள் இல்லாததால் வந்த ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாராம். அடுத்த வருஷம் என் கொட்டகை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே ஒருவர் திறந்து காட்டியதுபோல் இருந்தது.

நான் வந்த காரியத்தைச் சொல்லும் முன்பே அவர் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாழ்த்துக்கள்ங்க. பொண்ணு எந்த ஊரு? வெள்ளிவிழான்னு கூடவா பேரு வெக்கறாங்க?" என்றார்.

அப்போதுதான் மச்சான், பேனர் சங்கதி எனக்கே தெரியும். பேனர் கடைக்கு நான் போனில்தான் சொன்னேன். லாரி ஏற்றுகிற அவசரத்தில், விழா, ஞாயிற்றுக்கிழமை, கடை வாசல், எல்லாரும் வருக, வெள்ளிவிழா என்று பெரிதாகப் போடுங்கள் என்று சொல்லி, போனில் இருந்த என் படம் ஒன்றை அனுப்பினேன். அது யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு மாலை போட்டபோது எடுத்த படம். வைகாசி மாதம் முழுக்கக் கல்யாண பேனராகவே அடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர், கம்ப்யூட்டரில் தயாராக இருந்த கல்யாண மாதிரியை எடுத்து, மாப்பிள்ளை முகத்தை எடுத்துவிட்டு என் முகத்தை வைத்திருக்கிறார். பெண் படம் வரும் வரும் என்று பார்த்தாராம். நான் அனுப்பவே இல்லை. மாதிரிக்கு இருந்த பெண்ணையே விட்டுவிட்டார். இடது பக்கம் மணமகன் ஆதிமூலம். வலது பக்கம் மணமகள் வெள்ளிவிழா. கீழே, மணமக்களை வாழ்த்த வருகை தரும் உங்களை இருகரம் கூப்பி வரவேற்கிறோம். சனிக்கிழமை இரவே நம் கடைக்கு எதிரே பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், இருட்டோடு கிளம்பி வந்த என் கண்ணில் அது படவில்லை. அந்த வழியாகப் போன பஸ்ஸிலிருந்தெல்லாம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உனக்கு அனுப்பியவர் எலவனாசூர்கோட்டை அமிர்தம் சின்னம்மா என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அரங்கநாதனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு, சின்ன யானை என்கிறார்களே, அந்தக் குட்டி லாரியில் சாமியானாவையும் நாற்காலியையும் அண்டாவையும் தானே ஏற்ற ஆரம்பித்தார். இரண்டு முதலாளிகளும் மூச்சு வாங்க ஏற்றி, மூச்சு வாங்க இறக்கி, நம் கடை வாசலில் கட்டினோம். இருவரும் சம்மட்டியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. நாங்கள் கட்டிய சாமியானா ஒரு பக்கம் தூக்கிக்கொண்டும் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டும் நின்றது. அதன் நாலு பக்கத்துத் தொங்கலிலும் சிவப்பு எழுத்தில், அரங்கநாதன் சாமியானா, கள்ளக்குறிச்சி என்று இருந்தது. நம் கடையின் வெள்ளிவிழா நடந்தது அந்தப் பெயருக்கு அடியில்தான்.

உன் அக்கா அந்த நேரத்தில்தான் வெளியே வந்து எதிரே இருந்த பேனரைப் பார்த்தாள். நான் அண்டாவுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவள் கிட்டத்தில் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. மாப்ளதான் செட்டாவல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நிலைப்பதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து அமிர்தம் சின்னம்மாவும் எலவனாசூர்கோட்டைச் சொந்தங்கள் ஒரு வேன் அளவுக்கும் இறங்கினார்கள். கல்யாணத்தைத் தடுத்து நிறுத்த வந்திருக்கிறார்கள். சின்னம்மா ரோட்டிலேயே உன் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இந்தப் பாவியைக் கட்டி என்ன சுகத்தைக் கண்டாய் என்று அழ ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வந்த கள்ளக்குறிச்சி பஸ் நின்று, டிரைவர் இறங்கிப் பார்த்தார். உன் அக்கா சின்னம்மாவின் கண்ணைத் துடைத்து, நடந்ததைச் சொல்லி, கையில் கத்தியைக் கொடுத்தாள். நான் ஒரு கணம் பயந்துவிட்டேன். கத்திரிக்காய் நறுக்கத்தான். சண்டைக்கு வந்த கூட்டம் மொத்தமும் அரை மணி நேரத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அரங்கநாதனிடம் ஒப்படைத்துவிட்டு, அவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு நான் ராசுவைக் கூட்டி வர வெள்ளிமலைக்குக் கிளம்பினேன். பட்டுக்கரை வேட்டி, புதுச் சட்டை, பையில் ராசுவைப் பாராட்டி நானே எழுதி வைத்த பேச்சு. மேலே போகப் போகக் காற்று. வளைவில் வண்டியைத் திருப்பினால் காற்று அதைத் திருப்பித் திருப்பி வைக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேளம் கொட்டிக்கொண்டிருந்தது, முகூர்த்த நேரம். ராசு எங்கே என்று பார்த்தால், பந்தலின் பின்மூலைக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் மண் இளகி, கயிறு கட்டியிருந்த முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவன் கையை எடுத்தால் பந்தல் மணவறை மேல் இறங்கும். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை, எல்லாரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வேலை சரியில்லை என்று திட்டத்தான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மலையேறி வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். நான் போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் முளை அடிக்க ஓடினான். மச்சான், ஒரு பந்தல் அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. கெட்டிமேளம் முழங்குகிறது, தாலி கட்டுகிறார்கள், அட்சதை முழுக்க என் தலையில் விழுகிறது, தலையைக் குனியச் சொல்லிப் போட்டோக்காரர் கையை ஆட்டுகிறார். ராசு கயிற்றை இழுத்துக் கட்டிய பிறகும் நான் கம்பத்தை விடவில்லை, விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் வந்து பக்கத்தில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லணும்னு இருந்தன். இந்த முகூர்த்தத்தோட நின்னுக்கலாம்னு பாக்கறன். மண்டபத்துல கூப்புட்டாங்க" என்றான்.

தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் அவன் வாயால் கேட்டபோது புதிதாகக் கேட்பதுபோல் இருந்தது. எழுதி வைத்த பேச்சு பையிலேயே இருந்தது. அதை எடுக்க எனக்குக் கையும் இல்லை, கை கம்பத்தில் இருந்தது.

"நின்னுக்கோ ராசு, வாணாம்னு நான் சொல்லல. ஆனா இன்னிக்கு நம்ம கடைக்கு வெள்ளிவிழா. கீழ உனக்கும் குஞ்சம்மாளுக்கும் எல போட்டு வெச்சிருக்குது. வந்து சாப்ட்டுட்டு நின்னுக்கோ" என்றேன்.

"எனக்கா எல?" என்றான்.

"உனக்குத்தான். நீ வராம அங்க யாரும் சாப்புட முடியாது. எங்க சின்னம்மா வேற பசியில இருக்காங்க."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான், மறுபடி எடுத்து உதறினான், மறுபடி போட்டான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா, பூமாலை என்று பெயர், தாலி கட்டியாகிவிட்டது, இனி ஒன்றும் கவலையில்லை, என் தம்பிகள் ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்துக்கொள்வார்கள், நீங்கள் இவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு, விருந்துக்குக் கொண்டுபோங்கள் என்று நாலைந்து பலாப்பழங்களையும் வண்டியில் ஏற்றிவிட்டார். இறங்குகிற வழியெல்லாம் அந்தப் பழங்கள் வண்டிக்குள் உருண்டு உருண்டு எங்கள் முதுகை இடித்துக்கொண்டே வந்தன. வாயைத் திறந்தால் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று பயந்து நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. உன் அக்கா சொன்னபடியே ஒருவரையும் இலையில் உட்கார விடவில்லை. முதல் பந்தியில் சொந்தபந்தம் உட்காராமல் வேலைக்காரர்களா உட்காருவது என்று அமிர்தம் சின்னம்மா மூக்கைச் சுளித்திருக்கிறார். இது அவங்க விசேஷம் சின்னம்மா, நாமதான் விருந்தாளி என்று உன் அக்கா சொல்ல, அவர் வாயை மூடிக்கொண்டாராம். ராசு வண்டியிலிருந்து இறங்கிச் சாமியானாவைப் பார்த்தான். தொங்கலில் இருந்த பெயரைப் படித்தான். என்னையும் அரங்கநாதனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போய், நாங்கள் கட்டிய கயிறுகளையெல்லாம் அவிழ்த்து, இழுத்துக் கட்டி, தூக்கிக்கொண்டிருந்த பக்கத்தை இறக்கிவிட்டுத்தான் உட்கார வந்தான். தன்னுடைய விருந்துப் பந்தலையும் அவனேதான் சரிசெய்தான்.

குஞ்சம்மாளைக் காணவில்லை என்று தேடினால், கொட்டகைக்குப் பின்னால் அரங்கநாதனின் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டு எப்படி வாடகைக்கு விடுகிறார்கள் என்று அவளுக்குக் கோபம். உன் அக்கா அவள் கையைக் கழுவி, கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் உட்காருவதற்கு முன் குனிந்து நாற்காலியின் நாலு காலையும் ஆட்டிப் பார்த்தாள். மேடை இல்லை, மைக் ரிஷிவந்தியத்தில் காதுகுத்தில் இருக்கிறது. ஆனாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டே தீருவது என்று நான் எழுந்து நின்று, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ராசுவை, ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவன் திடுக்கிட்டு எழுந்தான். பொன்னாடை போர்த்தினேன். உன் அக்கா குஞ்சம்மாளுக்குப் போர்த்தினாள். பேச்சைப் படிக்கலாம் என்று காகிதத்தை எடுத்தால், மழையில் நனைந்த கம்பத்தை நெஞ்சோடு பிடித்த ஈரத்தில் எழுத்தெல்லாம் கலைந்து நீலமாகிவிட்டது. சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பரிமாறியது நானும் அரங்கநாதனும். வாழ்க்கையில் முதல்முறையாகச் சாம்பார் வாளியைத் தூக்கியதால் இலைக்குப் போனதைவிட எலவனாசூர்கோட்டைச் சொந்தங்களின் மடிக்குப் போனது ஜாஸ்தி. வைகாசி வெயிலில் வேர்த்துக் கொட்டியும் ராசு பொன்னாடையை எடுக்கவில்லை, அதோடேயே சாப்பிட்டான், பாயசம் மூன்று முறை வாங்கிக்கொண்டான். குஞ்சம்மாள் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். "சேரு இவ்ளோ சொகமா இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. தொடச்சி அடுக்கறதோட சரி" என்று உன் அக்காவிடம் சொன்னாள். எனக்குச் சாம்பார் வாளி கையில் கனத்தது. நான் போய்க் கொட்டகைக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கடைசிப் பந்தியில் நாங்கள் சாப்பிடும்போது அரங்கநாதன் பக்கத்தில் இருந்தார். அவர் கடைக்கு இருபது வருஷம் எப்போதோ ஆகிவிட்டதாம். அவரும் கவனிக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. "ஆளுங்க மூணு பேரும் போனப்போ கூலிக்காவத்தான் போறாங்கன்னு நெனச்சன்" என்றார். இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னேன். இவருடைய சாமியானா ஓட்டை என்று இனிமேல் என்னால் எப்படிச் சொல்ல முடியும் சொல்?

நேற்று திங்கட்கிழமை. வழக்கமான நேரத்துக்கு நான் கடையைத் திறந்தேன். ராசு வருவானா மாட்டானா என்று ரோட்டைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தான். சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய், வெள்ளிமலையிலிருந்து வந்து இறங்கிய சாமியானாவை வெயிலில் பிரித்துப் போட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, மண்டபத்துக்கு என்றைக்குப் போகிறாய் என்று கேட்டுவிட்டேன்.

"போவலங்க. நேத்து சாயந்தரம் அங்க போய்ப் பாத்தன். எவ்ளோ காத்தடிச்சாலும், மழ பெஞ்சாலும் அந்தக் கட்டடத்துக்கு ஒண்ணும் ஆவாதாம். அப்ப அங்க நான் எதுக்குன்னு கேட்டுட்டு வந்துட்டன்" என்றான்.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை மச்சான். டீ வாங்கிக் கொடுத்தேன். நானும் ஒன்று குடித்தேன். பிறகு அதை மறந்துபோய் இன்னொன்று வாங்கிக் குடித்தேன். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போய்விட்டது. ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன் என்று உன் அக்கா சொல்கிறாள். ஆகையால் நீ பொங்கலுக்குச் சொன்னது சரிதான் என்று எழுத்துமூலமாக ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் பந்தல் போடுகிறவர்கள் தங்களுக்கும் ஒரு நாள் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். போட்டுப் பார்த்தால்தான் அதற்குள் யார் யார் உட்காராமலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. இருபத்தைந்து நல்லபடியாக முடிந்துவிட்டது. இனி ஐம்பதாவது வருஷம்வரைக்கும் எனக்கு இந்தத் தொல்லை இல்லை என்ற நிம்மதியும் சேர்ந்துகொண்டது.

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரியிடமும் படித்துக் காட்டு, அவள் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உனக்குச் சம்பளம் கூடட்டும், கோபம் குறையட்டும், வீட்டில் எல்லா நல்லதும் வரிசையாக நடக்கட்டும். ஆசிகளுடன்,

உன் ஒரே மாமாவும், உன் அக்காவுக்கு மட்டுமே புருஷனுமான
ஆதிமூலம்.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறன். தபால்ல போடச் சொல்லி மாமா என்கிட்ட குடுத்தாரு, பிரிச்சிப் படிச்சிட்டன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு, ஒண்ணத் தவிர. எங்க பொண்ணு அபிநயா பொறந்த மறுவருசம் வைகாசியிலதான் கடையத் தொறந்தோம். அவ கைக்கொழந்த, சாமியானாவுக்கு அடியில தூளி கட்டிப் போட்டிருந்தன். அவளுக்கே இப்பதான் இருவத்தஞ்சு முடிஞ்சுது. கடைக்கு இருவத்தி நாலுதான். மாமா கணக்க நான் திருத்தல. அடுத்த வருசம்வரைக்கும் காத்திருந்தா ராசு இருக்க மாட்டாருன்னு தெரிஞ்சு, இந்த வருசமே இருக்கட்டும்னு வாய மூடிகினு இருந்துட்டன். ஆனா ராசு சாப்ட்டுட்டுக் கை கழுவ வந்தப்போ எங்கிட்ட மெதுவா, "அம்மா, அடுத்த வருசம்தான இருவத்தஞ்சு?" ன்னாரு. நான் ஆமான்னன். அவரு பொன்னாடைய மடிச்சித் தோள்ல போட்டுகினு, "அப்ப அதுக்கும் நான்தான கட்டணும்" னாரு. மண்டபத்துக்குப் போகாததுக்கு மாமா இன்னா காரணம் வேணாலும் எழுதிக்கட்டும், உனக்கு இது தெரிஞ்சா போதும். அடுத்த வைகாசிக்கு இப்பவே லீவு சொல்லி வை. மாமாகிட்ட எதையும் சொல்லாத, பாவம், இப்பதான் தூங்க ஆரம்பிச்சிருக்காரு.